பல் இல்லாத இலை

நெவென்கா: டிராகோ... டேய், அங்கதான் இருக்கியா?

டிராகோ: செடிங்ககிட்டதான் இருக்கேன்க்கா, சுவத்துக்கு இந்தப் பக்கம். ஏன் கத்தறே?

நெவென்கா: விளக்கு எவ்வளவு ஒசரத்துல தொங்குது?

டிராகோ: நீ சொன்ன மாதிரிதான். செடிக்கு மேல ஒரு ஜாண்.

நெவென்கா: உன் ஜாணா, என் ஜாணா?

டிராகோ: ஜாண்ல என்னக்கா உன்னுது என்னுது...

நெவென்கா: உன் கை கப்பல் ரிப்பேர் பண்ண கை, பெரிசு. வெளிச்சம் தூரமாப் போச்சுன்னா செடி அதைத் தேடி நெட்டையா வளந்து துவண்டுரும். கொஞ்சம் இறக்கு.

டிராகோ: இறக்கிட்டேன், போதுமா? நீ மாத்தே டீயைக் குடிச்சியா இல்லியா? ஆறிப் போயிருக்கும்.

நெவென்கா: எத்தனை நிக்குது?

டிராகோ: பன்னெண்டும்.

நெவென்கா: பன்னெண்டுமா! போட்ட பன்னெண்டும் மொளைச்சு, பன்னெண்டும் நிக்குதா? எனக்கே ஒரு வருஷம்கூட அப்படி அமைஞ்சதில்லையே.

டிராகோ: கைராசிக்கா.

நெவென்கா: உன் கையா? கடலுக்கு அந்தப் பக்கம் பொர்வெனிர்ல உன் வீட்டுல இருக்கற ஒரே செடி பிளாஸ்டிக்.

டிராகோ: அதுவும் வாடாம இருக்குல்ல?

நெவென்கா: ஐயோ, சிரிக்க வெக்காதடா, இடுப்பு வலிக்குது. ...இது விளையாட்டில்ல டிராகோ. பத்தொம்பது வருஷம். இந்தக் குளிர்லயும் எந்தப் பழம் பழுத்துச்சோ அதுலேருந்து மட்டும் விதை எடுத்து எடுத்து இங்க கொண்டு வந்திருக்கேன். போன கோடையில, நம்ம தென்கோடிக்கு நடுக்கோடையான ஜனவரியிலயே பனி விழுந்து கருக்கிருச்சு. ஒரே ஒரு பழம்தான் தேறிச்சு. அந்த விதை போச்சுன்னா என் தக்காளி உலகத்துலயே கிடையாது.

டிராகோ: தெரியும்க்கா. உன்னை இடுப்பு ஆபரேஷனுக்கு உள்ள தள்ளிட்டுப் போறப்பக்கூட அதைத்தானே சொன்னே. "விதையை நட்டியா"ன்னு. டாக்டரே சிரிச்சுட்டார்.

நெவென்கா: தண்ணி எப்படி விடறே?

டிராகோ: விரலை விட்டுப் பாத்துதான். மேல் மண்ணு காஞ்சாத்தான் விடுவேன்.

நெவென்கா: அதை நான் சொன்னது ஆஸ்பத்திரியிலேருந்து வந்தப்புறம். அதுக்கு முன்னாடி மூணு வாரம்?

டிராகோ: அப்பவும்... கிட்டத்தட்ட அப்படித்தான்.

நெவென்கா: ஃபேன் சத்தம் கேக்குது.

டிராகோ: நீதானே காத்து வேணும்னே!

நெவென்கா: நான் வீட்டுக்கு வந்த மொத வாரம் கேக்கலையே.

டிராகோ: நீ மாத்திரை போட்டுட்டுத் தூங்கிட்டிருந்தே. ஒரு லாரி வந்து மோதியிருந்தாக்கூட உனக்குக் கேட்டிருக்காது.

நெவென்கா: ம்... கையால தடவிக் குடுக்கறியா?

டிராகோ: காலையில பத்து தடவை, சாயங்காலம் பத்து தடவை. நாய்க்குட்டியைத் தடவற மாதிரி. பக்கத்து வீட்டுக்காரன் சன்னல் வழியாப் பாத்துட்டு, கிழவனுக்கு மூளை குழம்பிருச்சுன்னு நெனைச்சிருப்பான்.

நெவென்கா: நெனைக்கட்டும். வெளிய போனா இந்த ஊர்க் காத்து பேயறை அறையும். இப்பவே ஆடிப் பழகினாத்தான் தண்டு தடிக்கும்.

டிராகோ: சரிக்கா. நீயும் சீக்கிரம் ஆடிப் பழகு. ஆறு வாரம் எழுந்திரிக்கக் கூடாதுன்னு எந்த டாக்டர்தான் சொன்னாரோ! நீ எழுந்து நடந்த மறுநாளே நான் படகு ஏறிருவேன். எனக்கும் வீடுன்னு ஒண்ணு இருக்கு.

நெவென்கா: பிளாஸ்டிக் செடிக்குத் தண்ணி ஊத்தணுமாக்கும்.

டிராகோ: அட, சொல்றதைக் கேளு...

நெவென்கா: நீ சொல்லு. இலை எப்படி இருக்கு? மொதல்ல வர்ற ரெண்டு விதையிலை இல்ல, அதுக்கப்புறம் வந்திருக்கே, நெஜ இலை.

டிராகோ: நல்ல பச்சைக்கா.

நெவென்கா: பச்சையாத்தான் இருக்கும், நீலமாவா இருக்கும்? ஓரம் எப்படி இருக்கு? பக்கத்துல போய்ப் பாரு.

டிராகோ: ஓரமா... பல்லு பல்லா, ரம்பம் மாதிரி. அவ்ளோ அழகா வெட்டினாப்ல இருக்கு! அக்கா? அக்கா, தூங்கிட்டியா?

நெவென்கா: என் தக்காளி இலைக்குப் பல்லே கிடையாதுடா. உருளைக்கிழங்கு இலை மாதிரி ஓரம் வழவழன்னு இருக்கும். இங்க வா. எதிர்ல உக்காரு. அந்தச் செடி யாருது?

டிராகோ: பிசென்தேயோடது.

நெவென்கா: பிசென்தேயா! செருப்புத் தோல் மாதிரி தக்காளி விளைவிக்கறானே, அவன்கிட்டயா போய் நின்னே?

டிராகோ: "நெவென்காவுக்கா?"ன்னு கேட்டான். ஆமான்னேன். உள்ள போய் நல்லதாப் பாத்துப் பொறுக்கிக் குடுத்தான்க்கா. அதுக்கு மேல ஒரு வார்த்தை கேக்கல.

நெவென்கா: ...என்னோடது?

டிராகோ: போயிருச்சு. நீ வீட்டுக்கு வர்றதுக்கு மொத நாள். பன்னெண்டும் முளைச்சுது, அது பொய்யில்ல, என் கண்ணால எண்ணினேன். ரெண்டு ரெண்டு விதையிலையோட நின்னுச்சு. காலையில போய்ப் பாத்தா... தண்டு மண்ணைத் தொடற எடத்துல நூல் மாதிரி இளைச்சு, கறுத்து, எல்லாம் படுத்துக் கெடக்கு. மொத வாரம் ஃபேன் ஓடலைன்னியே... ஃபேன் போட அங்க செடியே இல்லக்கா.

நெவென்கா: சன்னலை மூடி வெச்சியா?

டிராகோ: இடுக்குல துணி வேற அடைச்சேன். ஹீட்டரைக் கூட்டி வெச்சேன். காலையும் சாயங்காலமும் வெந்நீர் கலந்து ஊத்தினேன். குளிருமேன்னுதான்...

நெவென்கா: நம்ம ஊர்க்காரன் புத்தி! வெளிய பனி பேயறப்ப உள்ள பனியனோட உக்காந்து வேர்த்து வழியணும். செடியையும் அப்படியே புழுங்க வெச்சுட்டே. ஈரமும் சூடும் சேந்தா கழுத்து அழுகாம என்ன பண்ணும்?

டிராகோ: திட்டு. நல்லாத் திட்டு. ஒன்னோட பத்தொம்பது வருஷத்தை மூணு வாரத்துல கொன்னுட்டேன். நீ வந்ததும் வராததுமா வலிக்குதுன்னுகூடச் சொல்லல, "செடி எப்படி இருக்கு"ன்னுதான் கேட்டே. எப்படிச் சொல்லுவேன்? வாய் வரல.

நெவென்கா: தெரியும். மூணு நாள் வெங்காயம் நறுக்கறேன்னு அழுதே. சூப்புல வெங்காயமே இல்ல.

டிராகோ: ...அப்பவே தெரியுமா?

நெவென்கா: என்னமோ ஆயிருக்குன்னு தெரியும். நீயாச் சொல்லுவேன்னு பாத்தேன். சரி, மூக்கைத் துடை. சமையலறையில ஃப்ரிட்ஜ் மேல பழைய பிஸ்கட் டப்பா ஒண்ணு இருக்கும். ஆட்டாம எடுத்துட்டு வா.

டிராகோ: இப்ப என்ன பிஸ்கட்டு?

நெவென்கா: போடா.

டிராகோ: ...இந்தா. உள்ள என்ன, ஈரத் துணியா... அக்கா! விதை! வெள்ளையா வேர் விட்டிருக்கு! ஒண்ணு, ரெண்டு... ஆறு!

நெவென்கா: அந்தப் பழத்துல முத்தின விதை பதினெட்டு. உனக்குக் குடுத்தது பன்னெண்டு.

டிராகோ: அப்ப என்னை நம்பல நீ.

நெவென்கா: என்னையே நான் நம்பறதில்ல. எந்த வருஷமும் எல்லா விதையையும் ஒரே தட்டுல போட்டதில்ல. அடுத்த வருஷத்துக்குன்னு எடுத்து வெச்சிருந்தேன். ஃப்ரிட்ஜ் மேல எப்பவும் வெதுவெதுன்னு இருக்கும், ஆறு நாள்ல வேர் வந்துரும். இன்னிக்கே நட்டுரு. சன்னலைத் திறந்து வெச்சு.

டிராகோ: நடறேன்க்கா, இப்பவே நடறேன்... இரு. ஆறு நாளா? போன வியாழக்கிழமை இதை யாரு ஃப்ரிட்ஜ் மேல வெச்சா? உனக்கு உடற்பயிற்சி சொல்லிக் குடுக்க வருதே, அந்தப் பொண்ணா?

நெவென்கா: அது குள்ளச்சி. எட்டாது.

டிராகோ: அப்ப வேற யாரு... அக்கா! இன்னிக்குக் காலையிலகூடக் குளியலறைக்கு என்னைத் தூக்கிட்டுப் போக வெச்சியே! என் முதுகே போச்சு! எத்தனை நாளா நடக்கறே?

நெவென்கா: பத்து நாளா. ஆறு வாரக் கணக்கு டாக்டர் சொன்னதில்ல, நான் சொன்னது. அந்தப் பொண்ணு வர்றப்பல்லாம் உன்னை ரொட்டி வாங்க விரட்டிட்டு நடந்தேன். அப்படியே பக்கத்து அறைக்குப் போய் இலையையும் பாத்தேன். நான் எழுந்து நடந்த மறுநாளே படகு ஏறிருவேன்னு வந்த அன்னிக்கும் சொன்னே, இன்னிக்கும் சொல்றே... அதான்டா, நீ இருக்கறப்ப நடக்கல.