இந்தியாக்காரன்ரை ஒயில்

எண்பத்து மூன்று பங்குனி. கொடிகாமம் பஸ்ஸில் நின்ற மீனவர் ஒருவர், இருக்கையிலிருந்த பெரியவரின் காலடியில் ஒரு கானை வைத்தார்.

“சிந்தாமல் பிடியுங்கோ அண்ணை, உது இந்தியாக்காரன்ரை கழிவொயில்.”

“அதை ஏன் நீர் சுமக்கிறீர்?”

“எஞ்சின் ஒயிலைக் கடலிலை ஊத்திறேல்லை எண்டு கச்சதீவுத் திருநாளிலை ரெண்டு கரைக்காரரும் அந்தோனியாருக்கு முன்னாலை சத்தியம் பண்ணினனாங்கள். நேற்று நடுக்கடலிலை ஒருத்தன்ரை கான் வெடிச்சு ஒழுகத் தொடங்கிட்டுது. என்ரை கானுக்கை ஊத்தித் தந்தான்.”

“நெத்தியிலை திருநீறு. நீர் சைவமெல்லோ?”

“ஓம். அதுக்காகப் பொய்ச்சத்தியம் பண்ணேலுமே?”

“நீர் காணாத நேரம் அவன் ஊத்தமாட்டானோ?”

“முந்தி ஒயில் பிசுக்குப் போக மனிசி ஒவ்வொரு நாளும் மண்ணெண்ணெய் போட்டுத்தான் வலை கழுவிறவள். இந்தக் கிழமை மண்ணெண்ணெய்ப் போத்தில் திறக்கேல்லை.”

பெரியவர் கானைக் கால்களுக்கு நடுவில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.