குதிக்கத் தெரியாத பூனை

பிள்ளைகளே, மந்தைவெளியில் பறக்கும் ரயிலுக்காக நிற்கும்போது என் காதில் விழுந்த பேச்சு இது. எனக்குப் பக்கத்தில் இரண்டு நண்பர்கள் நின்றிருந்தார்கள்.

"நாலு வருஷமா மழை வரைஞ்சேன் மச்சி. போன வாரம் வேணாம்னுட்டாங்க," என்றார் கண்ணாடி போட்டவர்.

"இன்னா மச்சி, வானிலை ஆபீஸ்லயா வேலை பாக்கிற?" என்று சிரித்தார் மற்றவர்.

"கலாய்க்காத. வீடியோ கேம்ல மழை வரையிறதுதானே என் வேலை. இப்ப அந்த கேமையே கம்பெனி கிடப்புல போட்டுடுச்சு, எனக்கும் வேலை போச்சு."

"சரி வுடு. பாப்பாவுக்குன்னு வீட்ல நீயே ஒரு பூனை கேம் எழுதிக்கினு இருந்தியே?"

"அந்தப் பூனை நடக்கும். குதிக்க மட்டும் புரோகிராம் எழுதல. பள்ளம் வந்தா பாப்பாவே மவுஸால தூக்கி அந்தப் பக்கம் வைப்பா. 'எப்பப்பா குதிக்கும்?'னு அப்ப தினம் கேப்பா. ஆபீஸ் வேலை முடியட்டும், முடியட்டும்னே சொல்லிக்கினு இருந்தேன்."

"இப்பதான் சும்மா கீறியே, எழுதேன்."

"நேத்து எழுதிட்டேன். பூனை அழகா குதிச்சுது. ஓடிப்போய் அவளைக் கூப்பிட்டேன்."

"இன்னா சொன்னா?"

"அவ இப்ப ஏழாவது படிக்கிறா. எட்டிப் பாத்து, 'நல்லா இருக்கு'ன்னா. பக்கத்து வீட்டு அங்கிள்கிட்ட சொல்ற மாதிரி சொன்னா மச்சி."