ஏரியில் யாரும் இல்லை

எனக்குச் சோடா பிடிக்காது. வயிறு உப்பும். ஆனாலும் கோட்டைக்குப்பம் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் ஒரு சோடா குடித்தேன்.

மின்நிலையத்தில் எனக்கு, மீனவ ஊர்களோடு பேசும் வேலை. அங்கே எரிவாயுவிலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்து, அதை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். மிஞ்சும் கரியமில வாயு வானத்துக்குப் போகாமல், ஏரிக்கரை ஓரக் குழாய் வழியே கடலுக்கடியில் போகிறது. சோடாவில் இருப்பதும் அதுதான், பயமில்லை என்றேன்.

"சோடா குடிச்சா ஏப்பம் வரும். உன் கொழா ஒடஞ்சா இன்னாடா வரும், பூபதி?" என்றான் சிங்காரம். என்னோடு படித்தவன்.

"அதுவும் ஏப்பந்தான்."

சிரித்தார்கள். குழாய்க்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டார்கள். அவனும் போட்டான்.

பயிற்சியில் எனக்குச் சொல்லித்தந்தது வேறு, ஐயா. அந்த வாயு காற்றைவிடக் கனம். காற்றடிக்காத நாளில் தண்ணீர்மேல் படுத்துவிடும். அதற்குள் யாரும் மூச்சுவிட முடியாது.

மார்கழியில் ஒரு காலை, பொறியாளர் வித்யா போனில் அழைத்தார்.

"பைப்ல பிரஷர் ஏறிடுச்சு, பூபதி. திறந்துவிட்டே ஆகணும். பத்து நிமிஷம் தரேன். ஏரியில யாராவது இருந்தா வெளியேத்திட்டுச் சொல்லுங்க."

நான் கரைமேட்டில் நின்றிருந்தேன். காற்று இல்லை. கீழே ஒரே படகு. அந்த இடத்தில் வலை கட்ட அன்று சிங்காரத்தின் முறை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை வருவது. காரணம் சொல்லாமல் அவனை அங்கிருந்து கிளப்ப முடியாது. சொன்னால், கூட்டத்தில் நான் பொய் சொன்னது ஊருக்குத் தெரிந்துவிடும்.

"யாரும் இல்ல மேடம்" என்றேன்.

சிங்காரத்தின் பிணத்தில் காயமில்லை. மாரடைப்பு என்று அவன் மனைவி மாலாவிடம் நானே சொன்னேன்.

"அந்தக் கொழாப் பொகை இல்லியேண்ணா?"

இல்லை என்றேன். நம்பினாள். எனக்குச் சோறு போட்டாள்.

முறைக்காரனைத் தொந்தரவு செய்யக்கூடாது என்பது எங்கள் வழக்கம். அதை மதித்தேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லவே கூசுகிறது. அன்று குழாயிலிருந்து வெள்ளையாகப் புகை இறங்கியபோது சிங்காரம் திரும்பி என்னைத்தான் பார்த்தான்.

"இன்னாடா இது?" என்று கத்தினான்.

ஒன்றுமில்லை என்று கையசைத்தேன். அவன் வலைப்பக்கம் குனிந்தான்.