இலுப்பை விழுந்த பக்கம்

எங்கள் பக்கத்தில் பெரிய மரம் ஏதும் வெட்ட வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள், ஐயா. எழுதிக்கொள்ளுங்கள், பெயர் துரைராசு. நிலம் உள்ளவன்தான், ஆனால் கோடாலி பிடித்து வளர்ந்தவன். கூலி வாங்க மாட்டேன். ஒரு வாய் காபி கொடுத்தால் போதும்.

மரம் வெட்டுவதில் அவசரம் ஆகாது. முதலில் சுற்றி வந்து பாரம் எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும். கிளைகளைக் கழித்துவிட்டு, மேல் கவட்டில் வடக்கயிறு கட்ட வேண்டும். விழவேண்டிய பக்கத்தில் அடியில் வாய் திறந்தாற்போல் ஒரு வெட்டு. பிறகு எதிர்ப்பக்கம் வெட்டி ஆப்பு அடிக்க வேண்டும். நடுவில் கொஞ்சம் கட்டையை விட்டுவைத்தால், அது கதவுக் கீல் மாதிரி மரத்தைச் சொன்ன பக்கம் இறக்கும். கயிறு பிடிக்கிறவன் மரத்தின் உயரத்துக்கும் அப்பால் நிற்க வேண்டும். வெட்டுகிறவன் ‘விடு’ என்று சொல்லும் வரை கயிற்றை விடக் கூடாது. முன்னால் விட்டால் மரம் திரும்பிச் சாயும். எங்கள் ஊரில் இது எல்லோருக்கும் தெரியும்.

மருதையனைப் பற்றிக் கேட்டீர்கள். அவன் அப்பனை என் அப்பாதான் எங்கள் திடலில் குடிவைத்தார். வயலுக்கு நடுவே மேட்டு நிலம், ஓர் இலுப்பை மரம், அதன் நிழலில் குடிசை. குடியிருப்பு மனைச் சட்டம் வந்ததும் மன்னார்குடியிலிருந்து அதிகாரிகள் வந்து அந்த இடத்தை அவன் பேருக்கே பட்டா போட்டுக் கொடுத்தார்கள். சட்டம் கொண்டுவந்தது எங்கள் கட்சி ஆட்சிதான். என் வாசலிலும் அந்தக் கொடிதான் பறக்கிறது. அதனால் எனக்குக் கோபமில்லை.

பட்டா வந்த பிறகு அவன் என்னை ‘ஆண்டே’ என்று கூப்பிடுவதை விட்டுவிட்டான். ‘அண்ணே’ என்றான். கட்சிக் கூட்டத்தில் நாங்கள் எல்லோரும் அண்ணே, தம்பி என்றுதான் பேசிக்கொள்வோம். மேடை வேறு, களத்துமேடு வேறு. அறுவடைக் களத்தில் அத்தனை ஆட்களுக்கு நடுவே, “அண்ணே, இனிமே நம்ம மனைக்குள்ள வரும்போது ஒரு குரல் குடுத்துட்டு வாங்க. பொம்பள புள்ளைங்க இருக்கற எடம்” என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். அன்றைக்கு அவன் வலது கையை ஒடிக்க நான் ஆள் வைத்ததாக நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். ஆள் வைக்கவில்லை. வண்டியின் முளைக்குச்சியை உருவி நானேதான் அடித்தேன். முதல் அடியிலேயே எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. இரண்டாவது அடி தேவையில்லாதது.

ஊர்ப் பஞ்சாயத்து கூடிச் சமாதானம் பேசியது. மனை அவனுக்கு, மரம் எனக்கு. மழைக்கு முன்னால் நான் வெட்டி எடுத்துக்கொள்ள வேண்டும். அவனும் சம்மதித்தான். ஆடிக் காற்றில் ஒரு கிளை முறிந்து, கூரையைப் பொத்துக்கொண்டு தூளிப் பக்கம் விழுந்திருந்தது.

“கைய ஒடிச்ச ஆளையே மரம் வெட்டக் கூப்புடுறியே, ஒனக்குப் புத்தி இருக்கா?” என்று அவன் பெண்சாதி கண்ணாத்தாள் என் காதுபடவே கேட்டாள்.

“ஒடிச்ச கைதான். கூரைல படாம மரத்த எறக்க அந்தக் கைய விட்டா வேற கை இல்லையே” என்று அவன் சிரித்தான்.

“மரம் போனா வெயிலு மண்டையப் பொளக்கும். அதுக்கும் ஒரு பட்டா வாங்கியா.”

எனக்குமே சிரிப்பு வந்தது, ஐயா.

மரம் குடிசைப் பக்கம் சாய்ந்திருந்தது. எதிர்ப்பக்கம், காய்ந்து வெடித்திருந்த வயலில் இறக்க வேண்டும். நீளமான வடம் என் வீட்டில் இருந்தது. நான் குட்டையானதைக் கொண்டுபோனேன். கயிறு பிடிக்க என் ஆள் நடராசனும் மருதையனும் நின்றார்கள். நடராசன், “கயிறு எட்டாது போலருக்கே” என்றான். “நான் சத்தம் குடுக்கறேன்ல, அப்ப ரெண்டு பேரும் ஒதுங்கிடுங்க” என்றேன். நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று பிடித்தார்கள். மருதையனுக்கு வலது கையில் பிடி இல்லை. கயிற்று நுனியை இடுப்பில் சுற்றிக்கொண்டான். உடம்பில் கயிறு சுற்றக் கூடாது. பார்த்தேன். சொல்லவில்லை.

ஆப்பு ஏற ஏற மரம் நிமிர்ந்து வயல் பக்கம் திரும்பியது. வண்டி மாட்டை அவிழ்த்துத் தள்ளிக் கட்டச் சொல்லி நடராசனை அனுப்பினேன். பிறகு கீல் மாதிரி விட்டுவைத்த நடுக்கட்டையில் கோடாலியைப் போட்டேன். மரம் முனகியது.

“அண்ணே, விடட்டா?”

கேட்டது. கேட்கவில்லை என்று சொல்ல மாட்டேன். விட்டால் மரம் திரும்பித் தன் குடிசைமேல் போகும் என்று அவன் நினைத்தான். அந்தக் கட்டத்தை அது தாண்டிவிட்டது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். “அண்ணே” என்றான் மறுபடியும். நான் கோடாலியோடு பக்கவாட்டில் பின்வாங்கினேன். வெட்டுகிறவன் அப்படித்தான் ஒதுங்க வேண்டும்.

மரம் அவன் இடுப்பில் விழுந்தது. தொடைகள் இரண்டும் நசுங்கின. கழித்த கிளையின் முண்டு ஒன்று வயிற்றுக்குள் இறங்கியிருந்தது. உடனே சாகவில்லை. அதை நான் எதிர்பார்க்கவில்லை.

நடராசனும் பக்கத்து வயல்காரர்களும் கடப்பாரையோடு ஓடிவந்தார்கள். “யாரும் கை வைக்காதீங்க. தூக்குனா மரம் உருளும். இன்னும் ரெண்டு உசுரு போயிடும்” என்றேன். அது பொய்யில்லை, உருளக்கூடியதுதான். இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்தால் உருளாது. அதை நான் சொல்லவில்லை. மர விஷயத்தில் என் பேச்சை யாரும் தட்ட மாட்டார்கள். கடப்பாரைகளைக் கீழே வைத்துவிட்டார்கள். கண்ணாத்தாள் மட்டும் வெறும் கையால் அவனுக்கு அடியில் மண்ணைத் தோண்டினாள். நகம் பெயர்ந்து ரத்தம் வந்தது. இரண்டு பெண்களை விட்டு அவளை இழுத்துப் பிடிக்கச் சொன்னேன். அவளுக்கு ஏதும் ஆகிவிடக் கூடாதல்லவா.

நான் அவன் தலைமாட்டில் குந்தியிருந்தேன். “ரெண்டு முட்டுக் குடுத்து அறுக்கச் சொல்லுங்கண்ணே” என்றான். அவனுக்கும் வேலை தெரியும். குரல் எழும்பாததால் மற்றவர்களுக்குக் கேட்கவில்லை. அப்போதும் அண்ணேதான்.

பொறுக்கச் சொன்னேன்.

பொழுது சாயும்போது அவன் சத்தம் அடங்கியது. பிறகு முட்டுக் கொடுத்து, ரம்பம் வைத்து, பதனமாக அறுத்து எடுத்தோம். கொலை என்று எழுதினால் கையெழுத்துப் போடுகிறேன், ஐயா. கூடவே இதையும் எழுதுங்கள். குடிசைக் கூரையில் ஒரு கீற்றுகூட நகரவில்லை. மரத்தை எடுத்தவர்களில் ஒருத்தருக்கும் சிராய்ப்புக்கூட இல்லை.