வெட்டுக்குத் தாறன்

"யாவாரம் நல்லாப் போனதாலதான் மச்சான் கடையப் பூட்டினன்."

கல்முனையிலிருந்து சவளக்கடைக்குப் போகும் பஸ்ஸில், என் முன்சீட்டில் இருந்த, வயலுக்கு உரம் விற்ற பசளைக் கடைக்காரர் இப்படிச் சொன்னார். பக்கத்தில் இருந்தவர் அவருடைய மனைவியின் தம்பி, வயல் செய்பவர்.

"என்ன காக்கா கதைக்கிறீங்க?"

"ஓம். ஒரு மூடை மிச்சமில்லாம வித்தன். வாங்கின ஆக்கள் எல்லாரும் 'வெட்டுக்குத் தாறன்' எண்டாங்க. நெல்லு வெட்ட நாலு மாசம். கொம்பனிக்கு நான் எழுதின ரெண்டு செக்குக்கும் ரெண்டே மாசம்."

"நடுவுல ரெண்டு மாசம்?"

"உங்கட ராத்தா கையில கிடந்த காப்ப வித்து ஒரு செக்குக்குக் கட்டினன். மத்தது பேங்கில காசில்லாமத் திரும்பிட்டு. கொம்பனி சாமான் தாறத்த நிப்பாட்டிட்டு."

"நான் ஆக்கள் ஏமாத்திட்டாங்க எண்டெல்லோ நினைச்சன்."

"ஒருத்தரும் ஏமாத்தல்ல. வெட்டு முடிஞ்ச கையோட காசோட வந்தாங்க. கடை பூட்டிக் கிடந்திச்சு."

பஸ் வயல்வெளிக்குள் இறங்கியது. விதைத்த நெல் அப்போதுதான் முளைத்திருந்தது.

"அந்த ரெண்டு மாசத்துக்கு என்னட்டக் கேட்டிரிக்கலாமே காக்கா?"

கடைக்காரர் யன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்: "கேட்டன் மச்சான். நீங்களும் வெட்டுக்குத் தாறன் எண்டுதான் சொன்னீங்க."