பட்டியலிலிருந்து நாம் எடுத்த பெயர்

நோயோடு போராடிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் பெயரை, சுகமாகிவிட்டார் என்று சொல்லி, நோயாளிகள் பட்டியலிலிருந்து நாம் எடுத்தோம். ஏழு மாதம் திரும்பச் சேர்க்கவில்லை. சென்ற வியாழக்கிழமை அவரை அடக்கம் செய்தோம். இதைச் சொன்ன பிறகுதான் வணக்கம் சொல்வது என்று வீட்டிலேயே முடிவு செய்து வந்தேன்.

மேடையில் அமர்ந்திருக்கும் போதகர் ஐயா அவர்களே, சபைச் செயலாளர் அவர்களே, மறைந்த அம்மையாரின் அண்ணன் அவர்களே, முன்வரிசையில் மூன்று பெண்பிள்ளைகளோடு அமர்ந்திருக்கும் அவர் கணவர் ஓட்டுநர் தம்பி அவர்களே, சபையாரே, அனைவருக்கும் வணக்கம்.

இரங்கல் கூட்டத்தில் குறை சொல்லக் கூடாது என்று செயலாளர் காலையில் போனில் சொன்னார். இறந்தவரைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்லப்போவதில்லை.

தெருவில் அவருக்கு ஒரு பட்டம் வைத்திருந்தோம்: 'மேசை எச்.எம்.' சாப்பாட்டு மேசையே பள்ளிக்கூடம், மூன்று மகள்களே மாணவிகள், அவரே தலைமையாசிரியை. கேலியாகத்தான் வைத்தோம். மேசை எச்.எம். அவர்கள் அதைக் கேட்டுச் சிரித்தார். "சம்பளம் எப்ப ஏத்துவீங்கன்னு உங்க நிர்வாகத்தைக் கேட்டுச் சொல்லுங்க ஐயா" என்று என்னிடமே சொன்னார்.

பிள்ளைகளை ஏன் பள்ளிக்கு அனுப்பவில்லை? திமிர் என்றார்கள் சிலர். அதிக பக்தி என்றார்கள் சிலர். நாம் யாராவது நேரில் கேட்டோமா? அவருக்கு வந்தது மூட்டுகளில் தொடங்கிச் சிறுநீரகத்துக்கு இறங்கிய நோய். பதினொரு வருட நோய். அதற்குக் கொடுத்த மருந்து உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துவிடும். பள்ளியிலிருந்து ஒரு பிள்ளை சளியோடு வந்தால், பிள்ளைக்கு இரண்டு நாள் மூக்கு ஒழுகும். தாய்க்கு இரண்டு வாரம் ஆஸ்பத்திரி. காரணம் இவ்வளவுதான்.

நான் ஃபிரிட்ஜ் மெக்கானிக். பள்ளிக்கூடம் போனவனில்லை, பழைய இயந்திரங்களைப் பிரித்துப் பிரித்துப் படித்தவன். அவருடைய ஊசிமருந்தை வைக்கும் ஃபிரிட்ஜ் கெட்டுவிட்டது என்று ஒருநாள் போனேன். அறைக்கதவில் இரண்டு அட்டைகள். பச்சை அட்டையில் 'எழுந்த நாள்', பழுப்பு அட்டையில் 'படுத்த நாள்'. இரண்டிலும் முழுப் பாடத்திட்டம். அன்று பழுப்பு அட்டைதான் முன்னால் தொங்கியது. அவர் கட்டிலில். பிள்ளைகள் கட்டிலைச் சுற்றித் தரையில்.

நடுமகள் நோட்டுப் புத்தகத்தோடு என்னிடம் வந்தாள். "தாத்தா, மருந்து ரெண்டு டிகிரிலேருந்து எட்டுக்குள்ள இருக்கணும். இப்ப பதினொண்ணு. அரை மணிக்கு ஒருதடவை எழுதியிருக்கேன், பாருங்க." ஃபிரிட்ஜ் கெட்டதையே அன்றைய கணக்குப் பாடமாக்கியிருந்தார் அந்தத் தாய்! ஃபிரிட்ஜ் எப்படி வேலை செய்கிறது என்று பிள்ளை கேட்டாள். பின்னாலிருக்கும் இயந்திரம் குளிரை உள்ளே அனுப்புகிறது என்றேன். கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"ஐயா, குளிர் உள்ள வராது. உள்ள இருக்கற சூடுதான் வெளிய போகுது."

"நாப்பது வருஷமா நான் குளிரை உள்ள அனுப்பிட்டு இருக்கேன் தாயி. என்கிட்டயேவா?"

"பின்னாடி கையை வச்சுப் பாருங்க. அந்தச் சூடு எங்கேயிருந்து வந்துச்சு?"

பிள்ளைகள் மூவரும் ஓடிப்போய்க் கையை வைத்தார்கள். நானும் வைத்தேன். சூடாகத்தான் இருந்தது. இன்றுவரை நான் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் சுரம் அடிக்கும் உடம்போடு, தலையைத் தூக்க முடியாமல், நாற்பது வருட மெக்கானிக்கைத் திருத்தியது யார்? கட்டிலில் படுத்திருந்த எச்.எம். அல்லவா!

பாடம் முடிந்ததும் ஜெபம். கடைக்குட்டிக்கு அப்போது ஐந்து வயது. "இயேசப்பா, இன்னைக்கு அம்மாவுக்கு முழங்கால் மட்டும் சரி பண்ணுங்க. கையை நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்றாள். தாய் சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது. "அவருக்கும் ஒரேயடியா வேலை கொடுக்கக் கூடாதும்மா, சரிதான்" என்றார். இப்படி ஒரு விசுவாசத்தை நம்மில் எத்தனை பேர் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறோம்?

இனி அந்தப் பட்டியலுக்கு வருகிறேன். நம் சபையின் வாராந்தர ஜெபத்தாளில் இரண்டு பத்திகள் உண்டு: 'சுகத்துக்காக', 'நன்றிக்காக'. முதல் பத்தியில் பெயர் இருந்தால் ஜெபம் மட்டும் கிடைக்காது. ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு கார் வரும். வீட்டில் பிள்ளைகளோடு இருக்க ஓர் ஆள் வரும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றப் போகும் அவருக்கு அந்தக் கார்தான் கால்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாசலில் செயலாளர் கேட்டார்: "எப்படி இருக்கீங்க சிஸ்டர்?" அவர் சொன்னார்: "பரவாயில்ல பிரதர். கர்த்தர் நடத்துறார்." மூட்டுவலிக்காரர் சொல்லும் 'பரவாயில்லை'க்கு என்ன அர்த்தம்? இன்றைக்கு நானே செருப்பு மாட்டினேன் என்று அர்த்தம். நாம் அதைச் சுகம் என்று எடுத்துக்கொண்டோம். அடுத்த வாரம் அவர் பெயர் 'நன்றிக்காக' பத்தியில் வந்தது. சபை கைதட்டியது. தாளை எழுதியவர் செயலாளர். எண்பது பிரதி எடுத்தவன் நான். அந்த வீட்டு ஃபிரிட்ஜில் மருந்தைப் பார்த்தவன் நான். எனக்குத் தெரியாதா? தெரியும். பிரதி இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, நிறுத்தவில்லை.

பிறகு போய்க் கேட்டேன். "ஏன்மா, நீங்களாவது இல்லைன்னு எழுந்து சொல்லியிருக்கலாமே?"

"எல்லாரும் கைதட்டிட்டாங்க ஐயா. இப்பப் போய் இல்லைன்னா, ஆண்டவரைப் பொய்யாக்கின மாதிரி ஆயிடும். அவங்க சந்தோஷத்தை ஏன் கெடுக்கணும்?"

கார் நின்றது. ஆள் வருவது நின்றது. கணவர் விடியுமுன் பேருந்து எடுக்கப் போகிறவர். மூத்தவளிடம் மற்ற இருவரையும் விட்டுவிட்டு, அம்மையார் தனியாக இரண்டு பேருந்து மாறிப் போனார். இரண்டு முறை போகவே முடியவில்லை. அந்த மருந்து தவறியது. அதனால்தான் இறந்தார் என்று மருத்துவர் சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன். அதனால் இல்லை என்றும் யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

சபையாரே, எனக்கு இப்போது பயமாக இருக்கிறது. ஆறு நாளாகத் தூக்கமில்லை. செத்தவருக்காக இல்லை, இந்த மூன்று பேருக்காக.

அண்ணன் அவர்கள் ஒரு முடிவு சொல்லியிருக்கிறார். மூத்தவள் அவர் வீட்டில். நடுமகள் அத்தை வீட்டில். கடைக்குட்டி விடுதியில். நல்ல மனிதர், கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. "அம்மாவுக்கு நோய்னுதானே வீட்ல படிச்சாங்க? இனி அந்தக் காரணம் இல்லையே" என்கிறார். நியாயமான கேள்விதான். ஆனால் மூத்தவளுக்கு ஏழு வாரத்தில் பொதுத்தேர்வு. வீட்டில் படிப்பவள் என்ற பதிவில்தான் அவள் அதை எழுத முடியும். அந்தப் பதிவில் கற்பிப்பவர் என்று தாயின் பெயர் இருக்கிறது. வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் வேறு பெயர் சேராவிட்டால் பதிவு ரத்து. ஒரு வருடம் போகும். பதிவு போனால் தேர்வு என்ற காரணமும் போகும், பிள்ளைகளைப் பிரித்து அனுப்புவதற்கு ஒரு தடையும் இருக்காது.

நேற்று மூத்தவளிடம் கேட்டேன். "பள்ளிக்கூடம் போறோம் தாத்தா. எந்தப் பள்ளிக்கூடம்னாலும் போறோம். ஆனா மூணு பேரும் ஒரே வீட்லேருந்து போறோம்" என்றாள்.

ஆகையால் அழுதது போதும். இன்று புதன்கிழமை. செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

அண்ணன் அவர்கள் தேர்வு முடியும்வரை அந்த முடிவைத் தள்ளிவைக்க வேண்டும். அதன் பிறகும் பிள்ளைகளைக் கேட்காமல் எதுவும் செய்யக் கூடாது. மூத்தவளுக்குப் பதினைந்து வயது, வாய் இருக்கிறது.

செயலாளர் அவர்கள் பட்டியலில் இருக்கும் ஒவ்வொருவரையும் வாரம் ஒருமுறை வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். வாசலில் விசாரித்து எழுதுவது இன்றோடு நிற்க வேண்டும். போதகர் ஐயா அவருடன் போக வேண்டும்.

தையற்கடை அம்மா, காலை நேரத்தில் பிள்ளைகளோடு நீங்கள் இருக்க வேண்டும். இயந்திரத்தை அந்த வீட்டிலேயே போட்டுத் தைக்கலாம். தூக்கிவர நான் ஆள் கூப்பிடுகிறேன். மருந்துக்கடைத் தம்பி மாலையில் அறிவியலைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் தினமும் மதியம் போவேன். பாடம் நடத்த அல்ல. கடைக்குட்டி வாசிக்கும்போது கேட்க ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

ஓட்டுநர் தம்பி, நீங்கள் ஒன்றே ஒன்று செய்ய வேண்டும். யாராவது எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், உண்மையைச் சொல்ல வேண்டும்.

கடைசியாக, ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர் அவர்களே. பெல் அடிக்காத இடம் பள்ளிக்கூடம் இல்லை, கட்டிலில் படுத்துப் பாடம் நடத்தினால் அதற்குப் பெயர் ஆஸ்பத்திரி என்று இதே வாசலில் சொன்னீர்கள். நேற்று உங்கள் வீட்டுக்கு வந்தேன். "யோசிச்சுச் சொல்றேன்" என்றீர்கள். கல்வி அலுவலகம் கேட்பது பகலில் வீட்டிலிருக்கும் பெற்றோரை. இல்லையென்றால் ஆசிரியப் பயிற்சிச் சான்றிதழ் உள்ள ஒருவரை. இந்தக் கூட்டத்தில் அது உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. என்னிடம் இருந்திருந்தால் உங்களிடம் கேட்டிருக்கவே மாட்டேன். அது உங்களுக்கும் தெரியும். படிவம் இந்த மேசைமேல் இருக்கிறது. பெயர் எழுத வேண்டிய இடத்தைத் தவிர எல்லாவற்றையும் மூத்தவளே நிரப்பிவிட்டாள். மூன்றாவது வரிசையிலிருந்து இங்கே பன்னிரண்டு அடி. எழுந்து வாருங்கள், டீச்சர்.