கை சரி, கையுறைதான் தவறு

பேரன்பு பொங்கும் இந்த அவைக்குத் தலைமையேற்றிருக்கும் பயிற்சி மையத் தலைவர் அவர்களே! மேடையை நிறைத்திருக்கும் அறிவியல் பெருமக்களே! நாற்காலி கிடைக்காமல் கடைசிச் சுவரில் சாய்ந்தபடி கைதட்டும் பட்டறைத் தோழர்களே! பிள்ளையை மடியிலும் பெருமையை மனத்திலும் ஏந்தி வந்திருக்கும் தாய்மார்களே! மகள் விண்ணில் இருந்த பதினெட்டு நாளும் தொலைபேசியை விட்டு நகராமல் இருந்து, இன்று முன்வரிசையில் வீற்றிருக்கும் விழா நாயகியின் அம்மா அவர்களே! ஊசி பிடித்துக் காய்த்துப்போன இந்த இரு கைகளையும் கூப்பி உங்களை வணங்குகிறேன்.

எனக்குப் பத்து நிமிடம் என்று சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதோ, இன்று பணி நிறைவு பெறும் நம் விழா நாயகியே "சீக்கிரம் முடிங்கக்கா" என்று சைகை காட்டுகிறார். முடியாதம்மா! முப்பது ஆண்டு நீ சொன்னதை நான் கேட்டேன். இன்று ஒலிபெருக்கி என் கையில் இருக்கிறது!

அவையோரே, இவரை நீங்கள் விண்வெளி வீராங்கனை என்பீர்கள். பாடப்புத்தகம் முன்னோடி என்னும். எங்கள் தையல் கூடத்தில் இவருக்குப் பெயர் சிட்டு. ஆளும் சிறிது, கையும் சிறிது. ஆசை மட்டும் அளவுநாடாவுக்குள் அடங்காதது!

நான் விண்வெளிக் கையுறை தைப்பவள். கையுறை என்றால் குளிருக்குப் போடுவது என்று எண்ணிவிடாதீர்கள். காற்றில்லாத வெளியில் அது காற்றடைத்த சக்கர டியூபாக விறைத்துக்கொள்ளும். ஒரு விரலை மடக்குவதற்குள் தோள் வரை வலிக்கும். ஆகவே பறப்பதற்கு முன் ஒரு சோதனை உண்டு. காற்றை உறிஞ்சிய பெட்டிக்குள் கையுறையோடு கைவிட்டு, ஒரு மணி நேரம் திருகாணி முடுக்க வேண்டும். பிறகு நான் பத்து விரலையும் பார்த்து, பொருந்துகிறது என்று கையெழுத்திட வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாமல் யாரும் விண்கலத்தை விட்டு வெளியே இறங்க முடியாது.

நம்மவர்களில் முதன்முதலாக வெளியே இறங்கி வேலை செய்ய வேண்டியவர் சிட்டுதான். பதினோரு ஆண்டுப் பயிற்சி! பதினோரு ஆண்டுக் கனவு! கடைசிச் சோதனை முடிந்து என் மேசைக்கு வந்து கையை நீட்டினார். பத்து நகத்திலும் பளபளவென்று அடர்சிவப்பு நெயில் பாலிஷ்.

"அடடே, கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கியே!" என்றேன்.

சொன்ன மறுகணமே சுருக்கென்றது. தலைவாரவே நேரமில்லை என்று முடியை ஒட்ட வெட்டிக்கொண்டவர் ஆயிற்றே, இவருக்கு ஏது நெயில் பாலிஷ்? பஞ்சை நனைத்துத் துடைத்தேன். அவையோரே, அந்தச் சிவப்புக்குக் கீழே மூன்று நகங்கள் கறுத்திருந்தன. கையுறை அழுத்தி இரத்தம் கட்டியிருந்தது. ஒரு நகம் என் பஞ்சோடு அசைந்தது.

"எத்தனை நாளா இப்படி?"

"மூணு மாசமா. கையெழுத்துப் போட்டுடுங்கக்கா. மேல போய் வலிச்சா பல்லைக் கடிச்சுக்கறேன்."

"பல்லைக் கடிச்சுக்கலாம்மா. விரல் மரத்துப்போனா கலத்தோட பிடிகம்பியை எதால பிடிப்ப?"

"அக்கா, கையுறை சேரலைன்னு நீங்க எழுதினா அவங்க கையுறையையா குத்தம் சொல்லுவாங்க? பொம்பளைக் கை இதுக்கு லாயக்கில்லைன்னுதான் சொல்லுவாங்க. என் இடம் போயிடும்."

அவர் சொன்னதில் பொய் உண்டா? இல்லை! தப்பு யாருடையது? என்னுடையது! ஆண்களுக்கு வரைந்த அளவுத்தாளை நாலாபக்கமும் சுருக்கி, இதுதான் பெண் கை என்று வெட்டியவள் நான். சுருக்கினால் சிறிய ஆண் கை வருமே தவிர, பெண் கை வருமா? வலித்தால் சொல்வார் என்று நான் நம்பியிருந்தேன். சொன்னால் அனுப்பிவிடுவார்கள் என்று அவர் பயந்திருந்தார். இருவரும் சேர்ந்து செய்த பிழை அது.

நான் கையெழுத்திடவில்லை. படிவத்தில் ஒரே வரி எழுதினேன்: "கை சரியாக இருக்கிறது. கையுறைதான் தவறு." தேர்வுக் குழு படித்தது, தலையாட்டியது, வேறொருவரை அனுப்பியது. முதலாவது என்ற அந்தப் பெயர் என் பேனாவால் போயிற்று.

ஐந்து மாதம் சிட்டு என்னோடு பேசவில்லை. அளவெடுக்க வருவார், கையைக் கொடுப்பார், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். அவர் கையை அச்செடுத்து, புதிய அளவுத்தாள் வரைந்து, வெட்டினேன், தைத்தேன், பிரித்தேன், மறுபடி தைத்தேன். ஒரு ஜோடி, இரண்டு ஜோடி அல்ல, பதினான்கு ஜோடி! பதினைந்தாவதைப் போட்டு முடுக்கிவிட்டு வந்தவர், கறுக்காத நகங்களை என் முன் விரித்துவிட்டு அழுதார். நானும் அழுதேன். சிரிக்கிறீர்களா தம்பிகளே? சிரியுங்கள், அன்று எங்கள் மேற்பார்வையாளரும்தான் அழுதார்!

அடுத்த கலத்தில் போனார். பெண்களில் முதலாவதாக வெளியே இறங்கினார். மடங்கிக்கொண்டு விரிய மறுத்த சூரிய மின்தகட்டை ஆறு மணி நேரம் போராடி விரித்தார். கட்டுப்பாட்டு அறைச் சுவரோரம் நான் திரையில் அவர் விரல்களையே பார்த்தபடி நின்றேன். உள்ளே திரும்பியதும் மருத்துவர் உடல்நிலை கேட்டார். வந்த பதில் இதுதான்: "பத்து நகமும் பத்திரம். தையல் கூடத்துல சொல்லிடுங்க. அக்கா அங்க அழுதுட்டு இருக்காம அடுத்த பொண்ணுக்கு வெட்ட ஆரம்பிக்கட்டும்."

இன்றும் நெஞ்சு நிறைகிறது, அவையோரே!

பிறகு வீரர்களுக்குப் பயிற்சி தரும் பொறுப்பு கைக்கு வந்த முதல் நாளே இவர் என்ன கேட்டார்? பெரிய அறையா? பெயர்ப் பலகையா? ஒரு விதி கேட்டார். வலிக்கிறது என்று சொன்னதற்காக எவருடைய இடமும் பறிபோகக் கூடாது, அவருக்குப் பொருந்தும்வரை அந்த இடம் அவருக்காகக் காத்திருக்க வேண்டும் என்று ஒரு விதி. அதற்காக நான்கு ஆண்டு வாதாடினார், வாங்கினார்!

போன மாதம் விண்வெளிப் பயிற்சிக்கு ஒரு விமானி வந்தார். ஆறடி உயரம், அடர்ந்த மீசை, கதவை அடைக்கும் தோள். பத்துப் பேர் பார்த்திருக்க, பளிச்சென்று சொன்னார்: "அக்கா, சுண்டுவிரல் வலிக்குது. கொஞ்சம் பாருங்க." ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவரும் புருவம் உயர்த்தவில்லை. நான் அவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டேன். பாவம், தன் விரலுக்கு ஏதோ பெரிய கேடு என்று அவர் பயந்தேபோனார்!

சிட்டு, உன் முதலாவது இடத்தை எடுத்தவள் நான். அதற்காக இந்த அவை அறிய மன்னிப்புக் கேட்கிறேன். இனி இறங்கப்போகும் ஒவ்வொருவருக்கும் இடத்தைக் காத்துக் கொடுத்தவள் நீ. அதற்காக இந்த அவையின் முன் தலைவணங்குகிறேன்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், இப்படியொரு மகளைப் பெற்றுத் தந்த அம்மாவுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. போய் வாருங்கள், நலமாக இருங்கள். எங்காவது வலித்தால் வாய்விட்டுச் சொல்லுங்கள். வணக்கம்!